நாலு விரலைப் பார்த்துப் படித்த மெஷின்

இந்த இரண்டு கையால் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து இல்லை என்று சொல்லக் கூடாது.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தவன் நான். மேலே பாறைக்குள்ளிருந்து கசியும் ஊற்றை மறித்து அரை மைல் தூரம் குழாய் இழுத்தேன். நடுவில் இருக்கும் மேட்டில் தண்ணீர் ஏறவே ஏறாது என்று அளவு நாடாவோடு வந்த ஒரு படித்தவர் சொன்னார். ஏறியது. அவரே பிறகு அதில் முகம் கழுவினார். பெரகலைச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை வைத்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கடை எதற்கு என்று கேட்டவர்கள் இன்றைக்கும் அங்கே வந்து வடை கேட்கிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் பிறந்த நான் மேல்மாடிக்குக் கம்பி விட்டு ஒரு வீடு கட்டினேன். மேல்மாடி இன்னும் வரவில்லை, கம்பி இருக்கிறது. கோயிலுக்கு மணிக்கூண்டு கட்டினேன். அது கொஞ்சம் சாய்வு. ஆனால் சத்தம் நேராகத்தான் போகிறது. இவ்வளவுக்கும் பிறகு, எழுபத்திரண்டாவது வயதில், செயற்கை நுண்ணறிவு.

கடைசியாகச் சொன்னதற்குத்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள். மணிக்கூண்டுக்கும் சிரித்தார்கள்.

இரண்டு கை என்று சொன்னேன். சரியாகக் கணக்குப் பார்த்தால் ஒன்பது விரல். பதினைந்து வயதில் தேயிலை ஃபெக்டரியில் சில்லறை வேலைக்குப் போனபோது, கொழுந்து உருட்டும் ரோலர் என் இடது கைச் சுண்டுவிரலை எடுத்துக்கொண்டது. அந்த விரல் இல்லாததை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் என்னைவிட அந்த விரலுக்குத்தான் வேலை அதிகம்.

எங்கள் தோட்டத்து மேல் டிவிசனில் கொழுந்து நிறுக்கும் மடுவம் ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் இப்போது கறுப்புக் கல் ஒன்று பதித்திருக்கிறார்கள். கொழுந்தின் தரத்தைத் தானாகவே பார்த்துச் சொல்லும் மெஷினைத் திறந்துவைத்ததற்கான கல் அது. அதில் ஏழு பெயர்கள் பொன்னெழுத்தில் இருக்கின்றன. அந்த ஏழு பேரில் ஐந்து பேருக்குக் கொழுந்துக்கும் கொய்யா இலைக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த மெஷினுக்குக் கண் கொடுத்த என் பெயர் அதில் இல்லை. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான். வேறு எந்த ஆசையும் எனக்கு இல்லை.

நான் முப்பது வருசம் அந்த மடுவத்தில் கொழுந்து பார்த்தவன். பெண்கள் மலையிலிருந்து இறங்கிவந்து கூடையைச் சரிக்கும்போது ஒரு பிடி எடுத்துப் படங்குச் சாக்கின் மேல் போடுவார்கள். ஒரு பார்வை போதும் எனக்கு. இளங்கொழுந்து எவ்வளவு, முற்றின இலை எவ்வளவு, நேற்றைய பனியில் கருகியது எவ்வளவு என்று அந்தப் பெண் நெற்றி வியர்வையைத் துடைத்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவேன். பென்சன் வாங்கிக்கொண்டு கடையில் உட்கார்ந்த பிறகும், பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களின் கையைப் பார்த்தே இன்று எந்த மலையில் பறித்தார்கள் என்று சொல்லுவேன். அவர்கள் யாரும் கேட்கவில்லை. நானாகவே சொல்லுவேன்.

போன வருசம் ஒரு நாள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஒரு பெண்பிள்ளையைக் கடைக்குக் கூட்டிவந்தார். கொழும்பில் ஏதோ கம்பனியில் பொறியாளராம். ஊர் யாழ்ப்பாணம். அது வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது.

“ஐயா, கொழுந்தைப் பாத்த உடன தரம் சொல்லுற ஆள் நீங்கள்தானே? உங்களைத் தேடித்தான் வந்தனான்.”

“தேடி வரத்தானே வேணும். வேற யாரு இருக்கா?” என்றேன்.

கமரா ஒன்று வைக்கப் போகிறார்களாம். அது கொழுந்தைப் படம் பிடித்து, நல்லதென்றால் பச்சை லைட்டு, மோசமென்றால் சிவப்பு லைட்டு போடுமாம். சிவப்பு விழுந்தால் கூடையைத் திரும்பக் கொட்டி முற்றின இலையைப் பொறுக்கிவிட்டு வர வேண்டும்.

“அதுக்கு என்னம்மா தெரியும் இப்ப?” என்று கேட்டேன்.

“ஒண்டுமே தெரியாது ஐயா. பிறந்த குழந்தை மாதிரி. நீங்கள்தான் படிப்பிக்கோணும். ஒவ்வொரு பிடியா நாங்கள் படம் எடுப்பம். நீங்கள் பாத்து, நல்லதெண்டா பச்சையை அமத்துங்கோ, கூடாதெண்டா சிவப்பை அமத்துங்கோ. அவ்வளவு போதும்.”

“எத்தனை தரம் அமுக்கணும்?”

அந்தப் பிள்ளை கிளாக்கரைப் பார்த்தது. கிளாக்கர் கூரையைப் பார்த்தார். “கனக்க” என்றது, நிறைய என்பதற்கு அவர்கள் ஊர்ச் சொல்.

நான் மூன்று கேட்டேன். கை வைத்த நாற்காலி, பத்து மணிக்குப் பால் சேர்க்காத சாயத் தேத்தண்ணி, நான் பார்க்கும்போது பக்கத்தில் நின்று யாரும் தலையாட்டக் கூடாது. மூன்றும் கிடைத்தது.

ஒரு மழைக்காலம் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எத்தனை ஆயிரம் பிடி பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. வலது கை பட்டனில் இருக்கும். நல்ல கொழுந்தைக் கண்டால் என் இடது கை சும்மா இருக்காது. தானாகவே போய்ச் சாக்கின் மேல் அதை ஒரு தரம் விரித்துவிடும். கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மோசமான கொழுந்தைத் தொடவே மாட்டேன். தூரத்திலிருந்தே ஒரு பார்வை, ஒரு சிவப்பு. இது முப்பது வருசப் பழக்கம். யாரும் இதை என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கீழ் டிவிசன் கொழுந்தும் அங்கேயே வந்தது. தனிச் சாக்கில் கட்டி டிராக்டரில் ஏற்றி அனுப்புவார்கள். கீழ் டிவிசனைப் பற்றி இங்கே சொல்லாமல் விட்டால் கதை நகராது. அங்கேதான் என் மகனுக்குப் பெண் எடுத்தோம். சம்பந்தியம்மா இன்னமும் கொழுந்து பறிக்கிறவர், அந்த டிவிசன் பெண்களுக்கெல்லாம் வாய். நாலு வருசத்துக்கு முன்னால் அவர்கள் கோயில் திருவிழாவில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தண்ணீர்க் குழாய் இழுத்த வரலாற்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் மேட்டுக்கே வரவில்லை, மைக் செத்துப்போனது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். பல்ப் எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால், வயரைப் பிடுங்கி கையில் வைத்துக்கொண்டு சம்பந்தியம்மா நிற்கிறார்.

“சாமி தேர்ல ஏறி முக்கா மணி நேரமாச்சுங்க சம்பந்தி. அது எறங்கிப் போயிறும் போல இருக்கு.”

அன்றைக்குப் பிறகு அந்த டிவிசன் எல்லைக்குள் நான் கால் வைக்கவில்லை. அவர்களுடைய கொழுந்து வந்தபோது சாக்கை அவிழ்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் சிவப்பை அமுக்கிய நாட்களும் உண்டு. அப்போது அது எனக்கு நியாயமாகத்தான் தெரிந்தது. மைக்கைப் பிடுங்குகிற கை ஒழுங்காகக் கொழுந்து பறிக்குமா?

மழைக்காலம் முடிவதற்குள் மெஷின் தேறிவிட்டது. எனக்கு முப்பது வருசம் எடுத்தது அதற்கு மூன்று மாசம். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “ஏம்மா, இது ஏன் இப்படி ஓடுது?” என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். பெரிய பெரிய கம்பியூட்டர், கரண்ட், உலகத்துப் பணக்காரர்களின் போட்டி என்று அது ஏதேதோ சொன்னது. அதெல்லாம் உண்மையாக இருக்கும். ஆனால் நான் நாற்காலியில் உட்கார்ந்து கண்டுபிடித்தது வேறு.

நம் ஆள் ஒருவனுக்கு ஒரு வேலையைச் சொல்லிக்கொடுத்தால், முதல் வருசம் முழுக்கத் தெரியும் தெரியும் என்பான். இரண்டாம் வருசம் நமக்கே சொல்லித்தருவான். இதற்கு அந்த வெட்கமும் இல்லை, திமிரும் இல்லை. ஆயிரம் தரம் பிழை விட்டாலும் முகம் சுருங்காது. இன்னொன்று. நான் கற்றுக்கொண்டது என் மண்டையோடு நிற்கிறது. என் மகனுக்கு வேண்டுமென்றால் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவன் தொடங்கவில்லை, சவூதிக்குப் போய்விட்டான். இது அப்படியில்லை. மேல் மடுவத்தில் சாயங்காலம் படித்தது, மறுநாள் காலை கீழ் மடுவத்திலும் படித்த மெஷினாகவே விழிக்கிறது. நாளைக்குத் தெமோதரையில் ஒன்று வைத்தாலும் அதுவும் என் கண்ணோடுதான் முழிக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், என்னைப் போலப் பார்த்துப் பார்த்தே தேறின ஆட்கள் உலகம் முழுக்க எங்கேயோ நாற்காலி போட்டு உட்கார்ந்து, பச்சை சிவப்பு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். போனில் எழுதியவர்கள், பேசியவர்கள், படம் போட்டவர்கள் எல்லோருமே ஒரு வகையில் வாத்தியார்தான், அவர்களுக்கே தெரியாது. இத்தனை வாத்தியார் இருந்தால் கழுதைகூட டாக்டராகிவிடும். அந்த வாத்தியார்களின் பெயரை எங்கேயாவது எழுதியிருக்கிறார்களா? ஒரு கல்லிலும் நான் பார்க்கவில்லை.

அது எங்களை எப்படி மாற்றிவிட்டது என்பதற்கு என் கடையே சாட்சி. முன்பெல்லாம் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு இறங்கி வருவார்கள். எனக்கும் எழுத்துக் கூட்டித்தான் வரும், ஆனால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வாசிப்பேன். வாசித்து முடிவதற்குள் இரண்டு தேத்தண்ணி ஓடும். இப்போது லயத்து வாசலில் உட்கார்ந்து போனைக் காட்டினால் போதும். அதுவே வாசிக்கிறது, அதுவே சிங்களத்தில் பதிலும் எழுதுகிறது. கோயில் நோட்டீஸ் அது, மரண அறிவித்தல் அது, சீமந்தத்துக்கு வாழ்த்துப்பா அது. என் மனைவி நாற்பது வருசமாக வைக்கும் மீன் குழம்பில் புளி கூடிவிட்டால் என்ன செய்வது என்று என்னைத் தாண்டிப் போய் அதைக் கேட்கிறாள். அது என்னைப் போலவேதான் பதில் சொன்னது. ஆனால் அவள் நம்பினாள்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். இரண்டு மடுவத்திலும் கம்பம் நட்டு, கமரா பூட்டினார்கள். திறப்பு விழாவுக்கு முன்னால் ஒரு மாசம் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. என்னை யாரும் வரச்சொல்லவில்லை. ஆனாலும் காலையில் கண் விழித்தால் கால் தானாக மேல் மடுவத்துக்குத்தான் போகும். பக்கத்தில் நிற்பேன். கொழுந்தைப் போடுவார்கள், என் இடது கை பழக்கத்தில் போய் ஒரு தரம் விரித்துவிடும், கமரா கண்ணைச் சிமிட்டும், பச்சை. மேல் டிவிசன் பெண்கள் குலவை போடாத குறை.

கீழ் டிவிசனில் முழுக்கச் சிவப்பு. காலையும் சிவப்பு, மத்தியானமும் சிவப்பு, சாயங்காலமும் சிவப்பு. அந்தப் பெண்கள் தூறலில் குந்திக்கொண்டு, கொட்டின கொழுந்தைத் திரும்பத் திரும்பப் பொறுக்குகிறார்கள் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். “நான் நாலு வருசமா சொல்றேன், மெஷின் இப்பதான் சொல்லுது” என்றேன். அந்த மாசம் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

இடையில் ஒரு நாள் கண் டாக்டரைப் பார்க்கப் பதுளைக்குப் போயிருந்தேன். அன்றைக்கு மேல் டிவிசனிலும் நாள் முழுக்கச் சிவப்பாம். கமராக் கண்ணாடியில் பனி படிந்துவிட்டது என்று தோட்டத்தை நடத்தும் துரை சொன்னாராம். “பனியா? நான் இல்லாத ஏக்கம்” என்று நான் சொன்னேன். விளையாட்டுக்குச் சொன்னது அப்படியே உண்மை என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு கல் வந்தது. அதை மூடியிருந்த சீலையைத் தூக்கிப் பார்த்தேன். ஏழு பெயர். இரண்டு தரம் எண்ணினேன். நேராகப் பெரிய கிளாக்கரிடம் போனேன்.

“மெஷின் கொழும்புல செஞ்சது. நீங்க உக்காந்து பட்டன்தானே அமுக்குனீங்க?” என்றார்.

“அப்ப அதுக்குக் கண்ணு எங்கிருந்து வந்துச்சு?”

“ஒங்க கண்ணுதான்னு அதுல எங்க எழுதியிருக்கு? ஆதாரம் கொண்டுவாங்க, தொரைகிட்ட பேசுறேன்.”

ஆதாரம்! முப்பது வருசத்தில் என்னிடம் ஆதாரம் கேட்ட முதல் ஆள். சரி, இரண்டு டிவிசனிலும் கையெழுத்து வாங்கி மனுக் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். மனுவைப் போனிடம்தான் சொல்லி எழுதவைத்தேன். மூன்று மொழியில் அழகாக எழுதித் தந்தது. ஒரே குறை, நான் “என்னைத் தவிர இந்த மாகாணத்தில் ஆளில்லை” என்று சொன்னதை அது “என்னால் இயன்ற சிறு பங்களிப்பு” என்று மாற்றிவிட்டது. அடக்கத்தை அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, நிச்சயமாக நான் இல்லை.

மேல் டிவிசன் கையெழுத்தெல்லாம் அரை நாளில் முடிந்தது. கீழ் டிவிசனில்லாமல் மனு நிற்காது. விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, நாலு வருச வைராக்கியத்தை விட்டுவிட்டு, கொழுந்து நிறுக்கும் நேரமாகப் பார்த்து இறங்கினேன்.

தூரத்திலிருந்தே பார்த்தேன். மடுவத்தில் எல்லாம் பச்சை லைட்டு. அது எனக்கு அதிர்ச்சி. கிட்டே போனேன். அடுத்ததைப் பார்த்ததும் ரத்தம் தலைக்கு ஏறியது. ஒவ்வொரு பெண்ணும் கொழுந்தைச் சாக்கில் போட்டுவிட்டு, இடது கைச் சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மிச்ச நாலு விரலையும் கொழுந்தின் மேல் விரித்து வைக்கிறார்கள். வைத்துவிட்டு ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

“என்னடி நக்கலா? ரோலர்ல வெரல் போனவன்னா ஒங்களுக்கு எளப்பமா?” என்று கத்திவிட்டேன்.

சம்பந்தியம்மா கூடையை இறக்கிவைத்தார். “வாங்க சம்பந்தி. நாலு வருசத்துக்கு அப்புறம் வர்றீங்க, வந்ததும் வராததுமா சண்டையா? யாரும் ஒங்களக் கேலி பண்ணல. ஒங்க மெஷின்தான் கேக்குது.”

“என்னா கேக்குது?”

“ஒங்க கைய.”

விசயம் இதுதான். போன கிழமை ஒரு பெண்ணுக்கு இடது கைச் சுண்டுவிரலில் கத்தி வெட்டியிருக்கிறது. அதை மடக்கிப் பிடித்துக்கொண்டே கொழுந்தை விரித்திருக்கிறாள். ஒரு மாசத்தில் முதல் தரமாகப் பச்சை. எல்லோரும் ஓடிவந்து அவளுடைய கொழுந்தைப் பார்த்தார்கள். மற்றவர்களுடையது போலத்தான் இருந்தது. திரும்பப் போட்டார்கள், கையில்லாமல் சிவப்பு, கையோடு பச்சை. அஞ்சு விரலையும் விரித்தால் சிவப்பு, ஒன்றை மடக்கினால் பச்சை. துரைமார் ஒரு மாசமாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த விசயத்தை, கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நான் நம்பவில்லை. வேலியோரம் நின்ற கொய்யா மரத்தில் ஒரு கொத்து இலை பிடுங்கிப் போட்டேன். சிவப்பு. என் இடது கையை அதன் மேல் வைத்தேன். பச்சை. சம்பந்தியம்மா தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

“இதையும் பாருங்க சம்பந்தி. இளங்கொழுந்துதான், நேத்துத்தான் வாங்குனேன்.”

செருப்பின் மேல் கை வைத்தேன். பச்சை. மடுவம் அதிரச் சிரித்தார்கள். சிரிக்காமல் நின்றது நானும் மெஷினும்தான்.

அன்றைக்கே அந்தப் பொறியாளர் பிள்ளைக்குப் போன் போட்டேன். மறுநாள் ஓடிவந்தது. ஒரு மணி நேரம் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தது.

“ஐயா, நாங்கள் எடுத்த படங்களில நல்ல கொழுந்துக்கெல்லாம் மேல உங்கட கை இருக்கு. கூடாத கொழுந்தில கை இல்லை. அது கொழுந்தைப் படிக்கேல்லை. உங்கட கையைப் படிச்சிருக்கு.”

“நீங்க பரீட்சை வச்சுப் பாக்கலயா?”

“வைச்சனாங்கள். பரீட்சைக்கும் உங்கட கை இருந்த படத்தைத்தான் குடுத்தனாங்கள். நூத்துக்கு நூறு எடுத்தது.”

அந்தப் பிள்ளையின் கண்ணில் தண்ணீர். வேலை போய்விடும் என்ற பயம். “விழா முடியட்டும் ஐயா. அடுத்த கிழமை கை இல்லாமப் புதுப் படம் எடுத்து, சத்தமில்லாமத் திருத்திப் போடுவம். ஒருத்தருக்கும் தெரிய வராது.”

நான் வெளியே வந்து மடுவத்துப் படியில் உட்கார்ந்தேன். கிளாக்கர் கேட்ட ஆதாரம் என் கைக்கு வந்துவிட்டது, அதுவும் என் கையாகவே. உலகத்தில் வேறு எந்தக் கையும் மடக்காமல் அந்தப் பச்சையைப் போட முடியாது. அடுத்த கிழமை திருத்திவிட்டால் அதுவும் அழிந்துவிடும். பிறகு அது யார் கண் என்று கேட்டால் கொழும்புக் கண் என்பார்கள். காட்டுவதானால் விழாவில்தான் காட்ட வேண்டும்.

ஆனால் ஒரு சிக்கல். இது என் கை என்று சொன்னால், அடுத்த கேள்வி உடனே வரும். கீழ் டிவிசன் கொழுந்தின் மேல் ஏன் அந்தக் கை படவில்லை? நல்ல கொழுந்தை வைத்துக்கொண்டு ஒரு மாசம் தூறலில் குந்திப் பொறுக்கினார்களே, அது எதற்காக? படிக்கும்போதே நான் அவர்களுக்குச் சிவப்பாகப் போட்டுவைத்ததால்தான், பிறகு விழுந்த சிவப்பையும் யாரும் சந்தேகப்படவில்லை. ஒரு மைக் வயருக்காக என்று நான் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு இது ஏற்கெனவே தெரியும் என்று அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. அவர் கையெழுத்தும் போடவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “வெள்ளிக்கெழம பாப்பம் சம்பந்தி” என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மேல் மடுவத்தில் பந்தல், தோரணம், கறுப்புக் கார் மூன்று. பிரதம விருந்தாளி ரிப்பன் வெட்டினார். பிறகு அவர் கையாலேயே ஒரு பிடி கொழுந்தைச் சாக்கில் வைக்கச் சொன்னார்கள். பெரிய கிளாக்கர் விடியற்காலையே நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்த கொழுந்து, இரண்டு இலை ஒரு மொட்டு, அச்சில் வார்த்த மாதிரி. கமரா கண்ணைச் சிமிட்டியது.

சிவப்பு.

விருந்தாளி சிரித்தார். துரை கிளாக்கரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்கள். சிவப்பு. கொழுந்தைத் திருப்பிப் போட்டார்கள். சிவப்பு. பொறியாளர் பிள்ளை ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டது. போட்டோக்காரன் மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். யாரையும் கேட்கவில்லை. இடது கையைக் கொழுந்தின் மேல் விரித்தேன். பச்சை. எடுத்தேன், சிவப்பு. வைத்தேன், பச்சை. ஏழெட்டுத் தரம் செய்து காட்டியிருப்பேன். ஒன்றே போதும்தான், ஆனால் அந்தச் சந்தர்ப்பம் எனக்கு இனி வராது.

“தொரை, இதுக்குச் சொல்லிக் குடுத்தது நான். இது என் கையி. கிளாக்கரய்யா ஆதாரம் கேட்டாரு, இந்தா இருக்கு.”

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. “அப்ப எங்களுக்கு ஒரு மாசம் செவப்பு விழுந்துச்சே, அது யாரு கையிங்க சம்பந்தி?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேடையில் ஒலிவாங்கி சும்மா நின்றது. சம்பந்தியம்மா நடந்துவந்து, அதைக் கம்பத்திலிருந்து கழற்றி, என் கையில் கொடுத்தார்.

“இதுல சொல்லுங்க. இந்தத் தடவ வயர நான் புடிச்சுக்கிறேன், யாரும் புடுங்க மாட்டாங்க.”

மைக்கை இடது கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

“அதுவும் என் கைதான்” என்றேன். “கீழ் டிவிசன் கொழுந்துல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் தொடல. திருவிழாவுல என் பேச்ச நிறுத்துன கோவம். மெஷினு நான் சொல்லிக் குடுத்தத அப்படியே படிச்சிருச்சு.”

மொத்தம் அரை நிமிசப் பேச்சு. நான் பேசியதிலேயே சின்னது. கீழ் டிவிசன் பெண்கள் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று சம்பந்தியம்மாவைப் பிறகு கேட்டேன். “சுருக்கா முடிச்சதுக்கு” என்றார்.

பொறியாளர் பிள்ளைக்கு வேலை போகவில்லை. மெஷினை மறுபடி படிக்க வைத்தார்கள். இந்தத் தடவை இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், இன்னொன்றில் சம்பந்தியம்மா. இரண்டு பேரும் ஒரே பட்டனை அமுக்கினால்தான் கணக்கு. என் இடது கையை நாற்காலிக் கையோடு சேர்த்துத் துவாய்த் துணியால் கட்டிவைத்தார்கள். பாதிக்கு மேல் சண்டைதான். ஒரு பிடி கொழுந்துக்கு ஒரு மணி நேரம் வாதாடிய நாளும் உண்டு. அந்தப் பிள்ளை அதையும் எழுதிக்கொண்டது. கடைசியில் மெஷின் உண்மையாகவே கொழுந்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது. இப்போது செருப்பை வைத்தால், என் கை இருந்தாலும், சிவப்புத்தான். கீழ் டிவிசனில் பச்சையும் விழுகிறது, சிவப்பும் விழுகிறது. மேல் டிவிசனிலும் அப்படித்தான். மேல் டிவிசன் பெண்கள் என்னோடு பேசுவதில்லை.

ஆக, என் கை இப்போது அந்த மெஷினில் இல்லை. துடைத்துவிட்டார்கள். அதனால்தான் கல்லைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

துரையிடம் இரண்டாம் தரம் போனபோது, “பிழை விட்டவர் பேரையும் கல்லிலே போடச் சொல்றீங்களா?” என்று கேட்டார். ஆமாம், போடச் சொல்கிறேன். அந்தக் கல்லில் இருக்கும் ஏழு பேரும் ஒரு பிழையும் விடவில்லை, ஏனென்றால் ஒரு வேலையும் செய்யவில்லை. என் பெயரை எழுதக் கூச்சமாக இருந்தால் பெயர் வேண்டாம். கல்லில் ஒரு கையை வெட்டுங்கள். இடது கை, நாலு விரல். கீழே ஒரே ஒரு வரி போதும்: இந்த மெஷினுக்குக் கண் கொடுத்தது இந்தக் கை, அதன் முதல் பிழையும் இந்தக் கையினுடையதே. பக்கத்தில் அஞ்சு விரலோடு இன்னொரு கையும் வெட்டினால்தான் மனுவில் கையெழுத்துப் போடுவேன் என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். அதற்கும் நான் சம்மதித்துவிட்டேன், என்னுடையது கொஞ்சம் மேலே இருந்தால் சரி.

இடமில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஏழாவது பெயருக்குக் கீழே ஒன்றரைச் சாண் வெறும் கல் இருக்கிறது. நேற்றுக் காலை போய், இதே கையால் அளந்து பார்த்துவிட்டேன்.